செலவின் கணக்கும் சாதியின் கணக்கும்



1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்ட தியாகி இம்மானுவேல் சேகரனின் நினைவாகக் கூடியிருக்கிறோம். அவர் நடமாடிய இந்த மண்ணிலிருந்தே ஒரு கேள்வி: ஊரை விட்டு நகரத்துக்குப் போனால் நம் வாழ்வு உயருமா? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் போற்றியவர்களை அண்ணல் அம்பேத்கர் கடுமையாக மறுத்தார். அந்தத் தெளிவோடுதான் நம்மில் பலர் ஊரை விட்டோம்.

ஒன்றிய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2022-23இல் தமிழ்நாட்டில் ஒருவரின் மாதச் செலவு சராசரியாகக் கிராமத்தில் 5,310 ரூபாய். நகரத்தில் 7,630 ரூபாய். இந்திய அளவில் 2011-12இல் நகரத்தின் செலவு கிராமத்தைவிட 84 விழுக்காடு கூடுதல். 2022-23இல் அது 71 விழுக்காடு. இடைவெளி குறைகிறது என்று மகிழ்கிறார்கள்.

யாருக்கும் யாருக்குமான இடைவெளி? அதே கணக்கெடுப்பு இந்திய அளவில் இன்னொன்றையும் சொல்கிறது. கிராமத்தில் பட்டியல் சாதியினரின் செலவு 3,474 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் பிரிவுகளில் வராத 'மற்றவர்' செலவு 4,392. வேறுபாடு 918 ரூபாய். நகரத்தில் நமக்கு 5,307, அவர்களுக்கு 7,333. வேறுபாடு 2,026 ரூபாய். கிராமத்துக்கும் நகரத்துக்குமான தூரம் குறையலாம். நகரத்துக்குள் நமக்கும் அவர்களுக்குமான தூரம் கூடுதலாகவே இருக்கிறது.

செலவு கூடினால் வாழ்வு கூடியதாகுமா? முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பம் இராமநாதபுரத்துக்கோ இராமேஸ்வரத்துக்கோ வருகிறது. ஊரில் குடிசையானாலும் வாடகை இல்லை. இங்கே சாதி கேட்டு மறுத்த வீடுகள் போக, மிஞ்சிய வீட்டுக்குத்தான் வாடகை. விறகு போய் கேஸ் சிலிண்டர். வேலைக்குப் போக ஷேர் ஆட்டோ. தண்ணீருக்குக் குடத்துக்கு இவ்வளவென்று காசு. கணக்கெடுப்பில் இவை எல்லாமே நுகர்வு. நாம் விரும்பி வாங்கியதும் வேறு வழியின்றிக் கொடுத்ததும் ஒரே தொகையில் சேர்ந்துவிடுகின்றன.

நகரம் ஒன்றும் தரவில்லை என்று சொல்லவில்லை. கூலி காசாகக் கைக்கு வருகிறது. தோளில் துண்டு போட யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த விடுதலையை விட்டுக்கொடுக்க மாட்டோம். அதற்கு ஏன் கூடுதல் விலை தருகிறோம் என்றுதான் கேட்கிறோம்.

மாணவர்களே, உங்கள் தெருவில் பத்து வீடுகளின் ஒரு மாதச் செலவை எழுதுங்கள். வாடகை, தண்ணீர், வட்டி ஆகியவற்றைத் தனியே எழுதுங்கள். நகரை ஒட்டி வீட்டுமனைப் பட்டாவும் குழாயில் குடிநீரும் கேட்கும்போது, அந்த நோட்டு நம் கையில் இருக்கட்டும்.

ஜெய்பீம்.