தனிவழியும் மண்டகப்படிகளும்



தனியே பயணம் செய்வதைப் பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். இதைப் பேச உமக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். உலகைச் சுற்றி வந்தவன் என்ற தகுதி எனக்கு இல்லை. புறப்பட்ட இடத்திலேயே அஞ்சித் திரும்பியவன் என்ற தகுதிதான் உண்டு.

நான் பிறந்து வளர்ந்த ஊர் மதுரைத் தல்லாகுளம். சித்திரைத் திருவிழாவில் அழகர்மலையிலிருந்து புறப்பட்டு வரும் கள்ளழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு அழைக்கும் இடம் அது. பயணம் வருவோரை வரவேற்பதில் பழகிய ஊரில் பிறந்தும், பயணம் போகும் துணிவை நான் கற்கவில்லை. எங்குச் சென்றாலும் தந்தையாரோ தமையனாரோ உடன் வருவர். பயணச்சீட்டும் அவர்கள் கையிலேயே இருக்கும்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, இராமேசுவரத்தில் வாழ்ந்த என் தமக்கையின் மகளுக்குக் காதணி விழா வந்தது. நம் வழக்கப்படி குழந்தை தாய்மாமன் மடியில் அமர வேண்டும். வீட்டார் முன்னரே சென்றுவிட்டனர். எனக்குத் தேர்வு இருந்தமையால் மறுநாள் தனியே செல்வதென ஏற்பாடு. மதுரைச் சந்திப்பில் ரயில் ஏறி அமர்ந்தேன். திடீரென நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, விரல்கள் மரத்தன. அப்பொழுதே உயிர் போய்விடும் என்று தோன்றியது. வண்டி நகருமுன் இறங்கிவிட்டேன். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் படபடப்பு அடங்கியது; வெட்கம் தொடங்கியது. வண்டி தவறிவிட்டது என்று வீட்டாரிடம் பொய் சொன்னேன். பின்னர்த் தமக்கை எழுதிய கடிதத்தில், “தம்பி, உன் மடி இருக்க, குழந்தையை வேறொருவர் மடியில் இருத்தினோம்” என்ற ஒரு வரி இருந்தது. அதை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை.

மருத்துவரிடம் சென்றேன். அவர் என்னை நன்கு சோதித்த பின்னர், இதயத்தில் குறை ஏதுமில்லை என்று கூறி விளக்கினார். அச்சம் தோன்றும்போது சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. தேவைக்கு மிஞ்சி மூச்சு வாங்குவதால் குருதியில் கரியமில வாயு குறைகிறது. தலைசுற்றலும் விரல் மரப்பும் அதனால் வருபவை. இந்த அலை பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டி, பிறகு தானே தணியும். “நீ அது தணியும்வரை இருந்து பார்க்கவில்லை, அதனால்தான் இறங்கியதால் பிழைத்தோம் என்று உன் மனம் கற்றுக்கொண்டது” என்றார் அவர். மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடப் பழகு என்றும் சொன்னார்.

எங்கள் ஊரை அடுத்த தமுக்கத்தில், இராணி மங்கம்மாள் அரண்மனையில், 1959ஆம் ஆண்டில் நேரு திறந்து வைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் நூலகத்தில் அமர்ந்து ‘சத்திய சோதனை’ படித்தேன். 1888ஆம் ஆண்டு செப்டம்பரில், பத்தொன்பது வயது நிறையாத காந்தி பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பிறர் ஆங்கிலத்தில் பேச வந்தால் மறுமொழி கூறக் கூச்சம். முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்த உணவில் இறைச்சி இல்லை என்று கேட்கவும் துணிவில்லை. ஆகவே கொண்டு சென்ற இனிப்பையும் பழத்தையும் தம் அறையிலேயே உண்டார்; ஆள் நடமாட்டம் குறைந்த வேளையில் மட்டும் மேல்தளத்துக்கு வந்தார். பிற்காலத்தில் மூன்றாம் வகுப்பு வண்டியில் இந்தியா முழுவதும் சுற்றிய மனிதர் அவர்தாம். ஆனால் அந்த இளைஞர் அறைக்குள் ஒளிந்தாரேயன்றிக் கப்பலைவிட்டு இறங்கிவிடவில்லை. இந்த வேறுபாடு என் நெஞ்சில் தைத்தது. அஞ்சுவது தோல்வி அன்று. அச்சம் முற்றும் நீங்கிய பிறகே புறப்படுவேன் என்று காத்திருப்பதே தோல்வி.

பயணத்துக்கு உரிய முறையை எனக்குக் காட்டியவர் எங்கள் அழகரே. மலைக்கும் மதுரைக்கும் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். அவர் அத்தொலைவை ஒரே மூச்சில் கடப்பதில்லை. வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறார். நானும் அவ்வாறே செய்தேன். முதலில் பேருந்தில் அழகர்கோயில் வரை தனியே சென்று வந்தேன். ஒரு முறை போதவில்லை. நெஞ்சு அடங்கிச் செல்லும் வரை பல முறை சென்றேன். அடுத்துத் திண்டுக்கல். எட்டு மாதம் கழித்து இராமேசுவரம்.

ஏறத்தாழ 160 கிலோமீட்டர் என்று எண்ணினால் மலைப்பு வரும். ஆகவே மானாமதுரை வரை மட்டும் என்று எண்ணி அமர்ந்தேன். வண்டி புறப்பட்டதும் பழைய படபடப்பு வந்தது. வந்தவனுக்கு இடம் கொடுப்பதுபோல் அதற்கும் இடம் கொடுத்தேன். மூச்சை மெல்ல விட்டேன். திருப்புவனம் வருவதற்குள் அது சோர்ந்துவிட்டது. மானாமதுரை ஒரு மண்டகப்படி, பரமக்குடி மற்றொன்று. பேச்சுத்துணை இல்லாதபோது கண்ணும் செவியும் எவ்வளவு கூர்மையாகின்றன என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இராமநாதபுரத்துக்கு அப்பால் மண் வெளுத்து மணலாவதையும், பனைகள் அணிவகுப்பதையும் முன்னரும் கடந்திருக்கிறேன், கண்டதில்லை. எதிரே இருந்த மூதாட்டி ஒருவர், “தனியாவா போற, தம்பி?” என்று கேட்டுப் பனங்கிழங்கு ஒன்றை நீட்டினார். “ஆமாம், ஆச்சி” என்றேன். அந்த ‘ஆமாம்’ என் வாழ்வில் பெருமிதத்தோடு நான் சொன்ன சொற்களுள் ஒன்று.

பின்னர்ப் பாம்பன். 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாலம் அது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் அதில் ரயில்கள் நின்றுபோயின; 2025ஆம் ஆண்டு முதல் அருகிலுள்ள புதிய பாலம் பயன்படுகிறது. பழைய பாலத்தில் வண்டி ஊர்ந்தே செல்லும். சன்னல் வழியே குனிந்தால் பாலம் தெரியாது. கடல் மட்டுமே தெரியும். என் நெஞ்சு மீண்டும் துடித்தது. ஆனால் அது அச்சமா மகிழ்ச்சியா என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டுக்கும் துடிப்பு ஒன்றுதானே!

வீட்டு வாயிலில் தமக்கை ஒன்றும் பேசவில்லை. குழந்தையைத் தூக்கி என் மடியில் இருத்தினார். அதன் காதில் தோடு மின்னியது. தவறிய விழா தவறியதுதான். அதை எந்தப் பயணமும் மீட்டுத் தராது. ஆயினும் அந்த மடி அன்று நிறைந்தது.

நண்பர்களே, செல்லும் இடத்தை வீட்டில் சொல்லுங்கள். வண்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐயம் வந்தால் கூசாமல் கேளுங்கள். அச்சம் அன்றாட வாழ்வையே முடக்குமாயின் தயங்காமல் மருத்துவரை நாடுங்கள். மற்றபடி, அடுத்த விடுமுறையில் அருகிலுள்ள ஓர் ஊருக்குத் தனியே சென்று வாருங்கள். அச்சம் உடன் வந்தால் வரட்டும். அதற்கும் ஓரமாக ஓர் இடம் கொடுங்கள். சன்னலோர இடத்தை மட்டும் அதற்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.