பூட்டிய வீடும் அளவான செலவும்

(மும்பையில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மும்பைவாசிகளான நாம் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக் கொள்ளலாம்: அப்பா விட்டுச் சென்ற ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுப் பார்! கட்டுமானத் துறையில் முப்பது வருஷம் இருந்தவன், எங்கள் குடும்பத்து ஃப்ளாட்டைச் சமீபத்தில் சீர்செய்து வாடகைக்கு விட்டவன் என்ற முறையில் இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வெளியூர் உறுப்பினர்கள் பலருக்கும் மாதுங்காவிலோ செம்பூரிலோ பூட்டிய வீடு ஒன்று இருப்பதால், பத்திரிகையிலும் வரட்டும் என்று செயலாளர் கேட்டுக் கொண்டார்.

நம்மவர்களுக்கு இந்த வீடுகள் வந்த வழியை ஒரு நிமிஷம் பார்ப்போம். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. அதைத் தொடர்ந்து 1898-இல் ஏற்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்ட், தாதர், மாதுங்கா பகுதிகளை அகலத் தெருக்களோடு திட்டமிட்டது. வேலை தேடி வந்த தென்னிந்தியர்கள் அங்கே குடியேறினார்கள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் வந்தது, 1952-இல் சண்முகானந்த சபா வந்தது. 1954-இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையமும், அதே காலத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் தொடங்கியபோது, அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள் பக்கத்திலேயே செம்பூரில் இடம் பார்த்தார்கள். பிராவிடண்ட் ஃபண்டில் கடன் எடுத்து, மனைவியின் வளையலை அடகு வைத்து, கூட்டுறவு சொஸைட்டியில் நானூறு ஐந்நூறு சதுர அடி வாங்கிய தலைமுறை அது.

அவர்களின் பிள்ளைகள் இன்று பெங்களூரில், கோவையில், அமெரிக்காவில். வீடு பூட்டிக் கிடக்கிறது. கேட்டால், "வாடகைக்கு விட்டால் திரும்பி வராது சார்" என்பார்கள்.

இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் அளவோடு கட்டிப் போட்டது. பிறகு 1973-இல் வந்த திருத்தம், அந்த வருஷம் பிப்ரவரி 1-ஆம் தேதி லைசென்ஸ் முறையில் குடியிருந்தவர்களைப் பாதுகாப்பு பெற்ற வாடகைதாரர்களாகவே ஆக்கிவிட்டது. பதினோரு மாதத்துக்கு என்று விட்டவர்கள் பலர் வீட்டைத் திரும்பப் பார்க்கவில்லை. நம் பெற்றோர் அதைக் கண்ணால் கண்டவர்கள்.

ஆனால் நிலைமை மாறி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. 2000 மார்ச் 31-இல் அமலுக்கு வந்த மஹாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், லீவ் அண்ட் லைசென்ஸ் கெடு முடிந்தும் காலி செய்யாதவரை வெளியேற்றத் தனி அதிகாரி உண்டு. கெடு முடிந்த நாளிலிருந்து இரு மடங்கு தொகை கொடுக்க வேண்டும். எழுத்தில் உள்ள ஒப்பந்தமே இறுதிச் சாட்சி. ஆகவே 1973-இன் பயத்தை வைத்துக்கொண்டு இன்று வீட்டைப் பூட்டி வைப்பதில் பிரயோஜனமில்லை. பூட்டிய வீடு சும்மாவும் இருப்பதில்லை. கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கிறது, கதவைக் கரையான் அரிக்கிறது, குழாயில் நீர் வற்றி அந்த வழியாகக் கரப்பான் வருகிறது. சொஸைட்டி பில் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது.

செலவைப் பற்றி யோசிக்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அந்த வீடு உண்மையில் நம்முடையதா? மாதுங்காவில் இது மிக முக்கியம். அங்கே பல பழைய கட்டடங்களில் அப்பா கொடுத்தது விலை அல்ல, பகடி. கையில் இருப்பது வாடகை ரசீது, சொஸைட்டியின் ஷேர் சர்டிபிகேட் அல்ல. வாடகைதாரர் காலமானால், அவரோடு அங்கே வசித்த குடும்பத்தாருக்குத்தான் சட்டம் முதல் இடம் தருகிறது. வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதமில்லாமல் உள்வாடகைக்கு விட்டால், அதுவே வெளியேற்றக் காரணமாகிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஐந்து லட்சம் செலவழிப்பதற்கு முன் ஒரு வக்கீலுக்குச் சில ஆயிரம் கொடுப்பது புத்திசாலித்தனம்.

சொந்த ஃப்ளாட் என்றாலும் நாமினி விஷயத்தில் தெளிவு வேண்டும். அப்பா மூத்த பிள்ளையை நாமினியாகப் போட்டதால் வீடு அவனுடையது ஆகிவிடாது. கூட்டுறவுச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, வாரிசுகள் உறுப்பினராகும் வரை நாமினி தற்காலிக உறுப்பினர் மட்டுமே. சகோதரிகளுக்கும் சம பாத்தியதை உண்டு. வர்ணம் பூசும் முன் இதைப் பேசித் தீர்த்துவிட்டால் பின்னால் மனஸ்தாபம் இராது.

இனி எங்கள் வீட்டுக் கதை. செம்பூரில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. 1971-இல் கட்டிய கட்டடம், 460 சதுர அடி. அம்மா 2021-இல் காலமாகி, வருஷாப்திகம் முடிந்த பிறகு, தம்பியும் தங்கையும் நானும் உட்கார்ந்து பேசினோம். இருந்தபடியே விட்டால் மாதம் 22,000 வரும் என்றார் தரகர். சீர்செய்தால் 32,000. ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்து, ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், ஏ.சி. எல்லாம் சேர்த்து 11 லட்சம் என்றார். அப்படிச் செய்தால் என்ன வாடகை வரும் என்று தரகரைக் கேட்டேன். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு 36,000-க்கு மேல் யாரும் தரமாட்டார்கள் என்றார்.

அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஐந்து லட்சத்துக்குள் முடித்தால் வாடகை மாதம் 10,000 கூடுகிறது. வருஷத்துக்கு 1,20,000. நாலு வருஷத்தில் செலவு திரும்பிவிடும். அதற்கு மேல் ஆறு லட்சத்துச் சொச்சம் போட்டால் கூடுதலாகக் கிடைப்பது மாதம் 4,000 மட்டும். அந்தப் பணம் திரும்ப பதின்மூன்று வருஷம். அதற்குள் ஃபால்ஸ் சீலிங் இரண்டு முறை கீழே இறங்கிவிடும்! ஐந்து லட்சம் என்று உச்சவரம்பு வைத்து, மூவரும் சமமாகப் போட்டோம். ஒவ்வொரு ரசீதும் மூவருக்கும் போனது.

செலவு 4,75,000. குளியலறை, கழிப்பறைத் தரையைத் தளம் வரை உடைத்து நீர்க்கசிவு தடுக்க 1,35,000. தண்ணீர்க் குழாய், பரண் தொட்டி, குழாய்த் திருகுகள் 60,000. மின் ஒயரிங் 85,000. சமையல் மேடை 55,000. ஜன்னலும் கிரில்லும் 40,000. வர்ணம் 65,000. மொசைக் பாலீஷ் 20,000. கரையான் மருந்து, பூட்டு வகையில் 15,000. மீதி 25,000, இடிபாடு ஏற்றிய லாரிக்கும் துப்புரவுக்கும் போனது.

முதல் மூன்றும் 2,80,000. ஏறக்குறைய அறுபது சதவீதம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிற்று. நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுதான். வாடகை வீட்டில் பணம் சுவருக்குள்ளே போக வேண்டும், சுவர்மேல் அல்ல. டைல்ஸின் நிறம் பழசு என்று யாரும் காலி செய்வதில்லை. கீழ் வீட்டுக் கூரையில் நீர் சொட்டினால் சொஸைட்டியின் கடிதம் நமக்கு வரும். அப்போது குடியிருப்பவர் இருக்க, நாம் வெளியூரில் இருக்க, குளியலறையை உடைப்பது எப்படிப்பட்ட அவஸ்தை என்று யோசியுங்கள்.

குளியலறையில் பழைய ஜி.ஐ. குழாய்களை எடுத்துவிட்டு சி.பி.வி.சி. போட்டோம். செங்கல் ஜல்லி போட்டு மும்பை மேஸ்திரிகள் செய்யும் கோபாவைப் புதிதாகப் போட்டு, டைல் ஒட்டும் முன் நீரைத் தேக்கி இரண்டு நாள் விட்டோம். கீழ் வீட்டுக்காரரை அழைத்து அவர் கூரையைப் பார்க்கச் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. ப்ளம்பர் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலித் தமிழர். தமிழிலேயே விளக்கம் சொன்னது தங்கைக்கு ஃபோனில் புரிய வசதியாக இருந்தது.

ஒயரிங்கில் சிக்கனம் கூடாது. 1971-இல் ஒரு மின்விசிறி, நாலு விளக்கு. இன்று ஹீட்டர், வாஷிங் மெஷின், ஏ.சி. விளக்குக்கு ஒன்றரை, சாதாரண பிளக்குக்கு இரண்டரை, ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் நான்கு சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி. கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி அவசியம். குடியிருப்பவர் வீட்டுக் குழந்தைக்கும் அதுவே காப்பு.

மிச்சம் பிடித்தது எங்கே? மொசைக் தரையைப் பெயர்க்கவில்லை. பாலீஷ் போட்டதும் பளபளத்தது. தேக்குக் கதவுகளை இழைத்து வார்னிஷ் அடித்தோம். கடப்பைக் கல் மேடையை அப்படியே விட்டு மேலே கிரானைட் பதித்தோம். சமையலறையையும் குளியலறையையும் இடம் மாற்றவே இல்லை. தூண், உத்தரம் எதிலும் கை வைக்கக் கூடாது என்பது சொல்லத் தேவையில்லை. முப்பது வருஷம் கடந்த கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட் கட்டாயம். அந்த அறிக்கையை சொஸைட்டியில் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மறுகட்டுமானம் வரப்போகிறது என்றால் இவ்வளவு செலவே வேண்டாம்.

வேலையை நவம்பரில் ஆரம்பியுங்கள். மழைக்காலத்தில் சுவர் காயாது. ஜூனில் பள்ளி திறப்பதால் குடும்பங்கள் ஏப்ரல், மே மாதங்களில் வீடு தேடும். அதற்குள் தயாராக இருக்கலாம். சொஸைட்டிக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, வேலை நேரத்தை மதித்தால் அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் மிஞ்சும்.

பொருட்களைப் பிரிப்பதுதான் சிரமம். அம்மாவின் வெண்கலப் பானையும் பூஜை அலமாரியும் தங்கையிடம் போயின. அப்பாவின் கணக்குப் புத்தகங்கள் என்னிடம். மரக் கட்டிலும் பீரோவும் கட்டட வாட்ச்மேன் குடும்பத்துக்கு. வாடகை வீட்டுக்குள் நம் நினைவுகளை வைத்துப் பூட்டக்கூடாது. ஓர் அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு மீதியை வாடகைக்கு விடுவதும் சரிப்படாது.

அடுத்தது காகிதம். பதினோரு மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்று பல ஊர்களில் நினைக்கிறார்கள். மஹாராஷ்டிரத்தில் அது செல்லாது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட மோசம், எழுத்தில் இல்லாதபோது நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே எடுபடும். செலவோ அற்பம். வாடகையும் முன்பணத்துக்கான பத்து சதவீத வட்டியும் சேர்ந்த தொகையில் கால் சதவீதம் முத்திரைக் கட்டணம், நகரத்தில் பதிவுக்கு ஆயிரம் ரூபாய். எங்கள் 22 மாத ஒப்பந்தத்துக்கு இரண்டும் சேர்த்து 3,000-க்குள் முடிந்தது. தமிழ்நாட்டிலும் 2019 பிப்ரவரி முதல் எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும். சென்னை உறுப்பினர்கள் கவனிக்கவும். குடியிருப்பவர் விவரத்தைப் போலீஸுக்குத் தெரிவிப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

உரிமையாளர் குடியில்லை என்று சொஸைட்டி வசூலிக்கும் கட்டணம், சேவைக் கட்டணத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2001 ஆகஸ்டில் வந்த அரசாணை அது. வாடகையில் முப்பது சதவீதம் வருமான வரியில் நேரே கழிக்கப்படும். ரிப்பேருக்கு ஆன செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. செலவை அளவாக வைக்க அதுவும் ஒரு காரணம். பங்கு தெளிவாக இருந்தால் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு வரி கட்டலாம். வெளிநாட்டில் இருப்பவரின் பங்கில் குடியிருப்பவரே வரி பிடித்துக் கட்ட வேண்டும். இதை முதலிலேயே சொல்லி ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, யாருக்கு விடுவது? "நம்மவாளாக இருந்தால் தேவலை" என்று எல்லோரும் சொல்கிறோம். தவறாக எண்ண வேண்டாம். 1960-களில் இதே நகரத்தில் 'மதராஸி' என்று சொல்லி நம் பெரியவர்களுக்கும் இடம் இல்லை என்றவர்கள் உண்டு. எவரோ ஒருவர் நம்பி ஓர் அறை கொடுத்ததால்தான் நாம் இங்கே இருக்கிறோம். மேலும், விருப்பமான குடித்தனக்காரருக்காக ஆறு மாதம் காத்திருந்தால் 1,92,000 ரூபாய் நஷ்டம். வேலை, சம்பளம், பழைய வீட்டுக்காரரின் வார்த்தை, எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, இவற்றை விசாரியுங்கள். எங்கள் வீட்டில் முதலில் வந்தது மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு மராத்தித் தம்பதி. இருபத்திரண்டு மாதமும் வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்தது. காலி செய்தபோது வீடு நாங்கள் கொடுத்தபடியே இருந்தது.

உங்களில் யாருக்காவது பூட்டிய வீடு இருந்தால் இந்தத் தீபாவளிக்குள் மூன்று காரியம் செய்யுங்கள். ஷேர் சர்டிபிகேட்டா, வாடகை ரசீதா என்று பாருங்கள். கூடப்பிறந்தவர்களை ஒரு நாள் பேச அழையுங்கள். குளியலறைத் தரையையும் மின் பெட்டியையும் ஒரு நல்ல ஆளிடம் காட்டுங்கள். வர்ணத்தைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.