ஏரியில் டீசல் கலந்தால்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூரத்துக்கு ஏரி புதிதல்ல. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு 7-ஆம் நூற்றாண்டிலேயே பரமேசுவரத் தடாகத்தையும், பாலாற்றிலிருந்து அதற்கு வெட்டிய பெரும்பிடுகு வாய்க்காலையும் குறிப்பிடுகிறது. இன்று ஏரிகள் நிறைந்த நம் மாவட்டத்தின் வழியே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை போகிறது. இரவு பகலாக டேங்கர் லாரிகள் ஓடுகின்றன. ஒன்று கவிழ்ந்தால் வேடிக்கை பார்க்க முதலில் ஓடுபவர்கள் நம் பிள்ளைகள்தான்.

2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானின் பகவல்பூர் பகுதியில் ஒரு டேங்கர் கவிழ்ந்தது. கொட்டிய எரிபொருளைப் பாத்திரங்களில் பிடிக்க ஊரே திரண்டது. தீப்பிடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடத்தையும் கேனையும் தூக்கிக்கொண்டு ஓடாதே என்பதைத்தான் வகுப்பில் முதலில் சொல்ல வேண்டும். டேங்கரின் எச்சரிக்கைப் பலகையில் நான்கு இலக்க எண் இருக்கும். 1203 என்றால் பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் எரிவாயு. தூரத்தில் நின்றே அது கண்ணுக்குத் தெரிந்தால், 101-க்கோ 112-க்கோ பேசும்போது சேர்த்துச் சொல்லலாம். தெரியாவிட்டால் கிட்டே போக வேண்டாம்.

அடுத்தது ஏரி. டீசல் மிதக்கும். கலங்கலில் வழிவது மேல்நீர் என்பதால், ஏரி நிரம்பியிருந்தால் டீசல் அதோடு அடுத்த ஏரிக்கும் போய்விடும். மதகு அடிநீரை எடுக்கிறது. ஆனாலும் நீர் குறைந்த காலத்தில் படலம் மதகு வழியாக வயலுக்குள் இறங்கும். ஆகவே நீர்வளத் துறைக்கும் ஊராட்சிக்கும் உடனே தகவல் போக வேண்டும். மதகை அடைப்பதும் கலங்கலுக்கு முன் மிதவைத் தடுப்பு கட்டுவதும் பெரியவர்கள் வேலை. பிள்ளைகளை அதில் இறக்கக் கூடாது.

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்றின் பெயர் 'டான் காஞ்சிபுரம்'! சேதம் எதுவும் இல்லை என்றே முதலில் செய்தி வந்தது. பிறகு கரையெங்கும் கருப்புக் கசடு. மீனவர்களும் கடலோரக் காவல் படையினரும் மாணவர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். வாளியைப் பார்த்துப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. பாறை இடுக்கில் கெட்டியாகிவிட்ட கசடைப் பம்பு இழுக்காது. முதல் சில மணி நேரத்திலேயே தடுப்பு போட்டிருந்தால் அவ்வளவு வாளி தேவைப்பட்டிருக்காது என்பதுதான் என் வருத்தம்.

இதை வகுப்பிலேயே காட்டலாம். இரண்டு தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, சிறிது கடலை எண்ணெய் விடுங்கள். ஒன்றில் வைக்கோலும் தேங்காய் நாரும் போட்டால் எண்ணெய் அவற்றில் ஒட்டும். மற்றதில் சோப்புத் தூள் தூவிக் கலக்குங்கள். படலம் மறைந்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். எண்ணெய் எங்கே போயிற்று என்று அப்போது கேளுங்கள். அது துளித்துளியாகத் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, மீனின் செவுளுக்கு எட்டும் இடத்தில்.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவி, "அந்த வைக்கோலை எங்கே சார் போடுவது?" என்று கேட்டாள். எண்ணூரில் அள்ளிய கசடை, எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளைக் கலந்து பக்குவப்படுத்தினார்கள் என்றேன். ஒன்பதாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்துபவர்கள் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.