பெயர் மாறியது, கை மாறவில்லை

(தொழிலாளர் படிப்பு வட்டமொன்றில் ஆற்றிய உரை)



1263-ம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் காஸ்டில் மன்னன் பத்தாம் அல்ஃபோன்ஸோ ஓர் உத்தரவு போட்டான். கோர்தோபா நகரத்து முஸ்லிம் கொத்தர்களும் தச்சர்களும் ஆண்டுக்கு 2 நாள் அந்நகரத்து மாதாகோயிலில் வேலை செய்தாக வேண்டும் என்பதே உத்தரவு. மன்னன் கிறிஸ்தவன், கோயிலும் கிறிஸ்தவக் கோயில், வேலைக்கு மட்டும் ஏன் முஸ்லிம் தொழிலாளி?

அந்த மாதாகோயில் முன்பு பள்ளிவாசலாக இருந்தது. 785-ல் முதலாம் அப்துர் ரஹ்மான் அதைக் கட்டத் தொடங்கினான். ரோமானியர் காலத்துப் பழைய கட்டடங்களிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தூண்கள் குட்டை, கூரையோ உயரமாக வேண்டும். கொத்தர்கள் யோசித்து, ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவு எழுப்பினார்கள். செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறிமாறி வைத்துக் கட்டிய அந்த இரட்டை வளைவுகளைப் பார்க்க இன்றும் உலகமே போகிறது. 10-ம் நூற்றாண்டில் தொழுகைத் திசை காட்டும் மாடத்தை அலங்கரித்தபோது, கிறிஸ்தவ நாடான பைசாந்தியத்திலிருந்து கைதேர்ந்த வேலைக்காரரும் வண்ணக் கண்ணாடித் துண்டுகளும் வந்ததாக அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1236-ல் மூன்றாம் ஃபெர்டினாண்ட் நகரைப் பிடித்தான். பள்ளிவாசல் மாதாகோயிலாயிற்று. வாசலில் பெயரை ஒரே நாளில் மாற்றிவிடலாம். கூரையையும் வளைவையும் யார் பார்த்துக்கொள்வது? அந்த வேலை தெரிந்த கை முஸ்லிம் தொழிலாளியின் கை. அந்தக் கை இல்லாமல் வெற்றி பெற்ற மன்னனுக்கும் காரியம் நடக்கவில்லை.

அடுத்து சிசிலித் தீவுக்குப் போவோம். அங்கே பலெர்மோ நகர அரண்மனையில் மன்னன் இரண்டாம் ரோஜர் 12-ம் நூற்றாண்டில் ஒரு சிறு தேவாலயம் கட்டுவித்தான். அதன் குவிமாடத்தில் கிரேக்கக் கைவேலையில் கிறிஸ்துவின் உருவம், சுற்றிலும் கிரேக்க எழுத்து, ஆண்டு 1143. அண்ணாந்து மரக் கூரையைப் பார்த்தால், தேன்கூடு போன்ற அரபு வேலைப்பாடு. அதில் அரபு எழுத்து. வாத்தியம் வாசிப்பவர்கள், நடனமாடுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள் எல்லாம் அந்தக் கூரைச் சித்திரத்தில் இருக்கிறார்கள். ஏசுநாதர் கோயிலின் கூரையை முஸ்லிம் ஓவியர்கள் தீட்டினார்கள். கூரை இன்றும் நிற்கிறது.

இதனால் மன்னர்கள் எல்லாரும் பரந்த மனதுக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். டில்லியில் குதுப்மினார் பக்கத்துப் பள்ளிவாசல் 27 கோயில்களின் பொருள்களைக் கொண்டு கட்டப்பட்டது என்று அதன் கல்வெட்டே சொல்கிறது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே இடத்தில் இன்னொரு கல்வெட்டும் இருக்கிறது. 1368-ல் மினார் மீது இடி விழுந்தது. சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் பழுது பார்க்கச் சொன்னான். வேலையை முடித்த தொழிலாளர்கள் நாகரி எழுத்தில், விசுவகர்மாவின் அருளால் இது நிறைவேறியது என்று வெட்டிவைத்தார்கள். நாநா, சால்ஹா என்ற தங்கள் பெயர்களையும் சேர்த்து வெட்டினார்கள். சுல்தானின் மினாரில் இந்து உளியின் கையெழுத்து! இடிக்கச் சொன்னது அதிகாரம். கட்டியதும் பழுது பார்த்ததும் உழைப்பு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் நம்மை மோதவிடுகிறார்கள்.

சரி, இப்படிக் கட்டியவனுக்குக் கிடைத்தது என்ன? ஐரோப்பாவின் பழைய மாதாகோயில் கற்களில் அம்பு, முக்கோணம், நட்சத்திரம் என்று சின்னச் சின்னக் குறிகளைக் காணலாம். இவற்றில் பல, இன்னார் செதுக்கிய கல் இது என்று எண்ணிக் கூலி கொடுக்க இட்ட அடையாளங்கள். துண்டுக் கணக்கில் கூலி வாங்கும் மில் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இங்கிலாந்தில் 1348-ல் கொள்ளைநோய் புகுந்தது. ஜனங்கள் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். ஆள் குறையவே, உயிரோடிருந்தவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். 1351-ல் பார்லிமெண்ட் சட்டம் போட்டது. தலைமைக் கல்தச்சனுக்கு நாளைக்கு 4 பென்னி, மற்றக் கொத்தனுக்கு 3, சிற்றாளுக்கு ஒன்றரை. வயலையும் விடவில்லை; அறுப்பாளுக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தில் நாளைக்கு 2 பென்னிதான். சட்டத்துக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய மறுத்தால், காலைத் தொழுமரத்தில் மாட்டு என்றார்கள். கோயில் கட்டியவனும் கதிர் அறுத்தவனும் ஒரே சட்டத்தில் கட்டப்பட்டார்கள்.

கொத்தர்கள் சும்மா இருக்கவில்லை. ஆண்டுதோறும் கூடினார்கள். 1425-ல் இன்னொரு சட்டம் வந்தது. கொத்தர்கள் இப்படிக் கூடுவதால் கூலிச் சட்டம் கெட்டுப்போகிறது, ஆகவே கூடவே கூடாது என்றது. வானளாவிய கோபுரத்தைக் கண்டு பயப்படாத ஆளவந்தார்கள், அதைக் கட்டிய நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசியதைக் கண்டு பயந்தார்கள்!

நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1010-ல் நிறைவடைந்த தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. நல்லது. ஆனால் கல் இழுத்தவர், மண் சுமந்தவர் பெயரையெல்லாம் யார் எழுதிவைத்தார்கள்?

கோயிலோ, பள்ளிவாசலோ, மாதாகோயிலோ, இது எங்களுடையது, அது உங்களுடையது என்று யாராவது உங்களிடம் வந்து தூண்டிவிட்டால் கோர்தோபாவைச் சொல்லுங்கள், பலெர்மோவைச் சொல்லுங்கள், டில்லி மினாரில் பெயர் வெட்டிய நாநாவையும் சால்ஹாவையும் சொல்லுங்கள். சாமி கும்பிடுகிறவர் கும்பிடட்டும், தொழுகிறவர் தொழட்டும். கல்லை அடுக்கியவர்கள் நம்மைப் போன்ற கூலிக்காரர்கள். அவர்கள் கட்டியதைக் காட்டி நம்மில் ஒருவன் இன்னொருவனை அடிக்க நாம் விடக்கூடாது.