வாடகைப் பெயரும் பாட்டியின் சிவப்பு அட்டையும்

(சுங்கைப் பட்டாணியில் தோட்டப்புறக் குடும்பங்களுக்காக நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று ஒரு வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கைப்பேசியில் அழைப்பு வரும். காரில் ஆளை ஏற்றி இறக்க வேண்டும், அல்லது மோட்டாரில் சாப்பாட்டைக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். முதலாளி முகம் தெரியாது, ஆபீஸ் கிடையாது. நம் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். பாக்கார் ஆராங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டு இரவில் ஓட்டுகிறவர்கள் உண்டு. தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபின் இதையே முழுநேரத் தொழிலாக வைத்திருப்பவர்களும் உண்டு.

இந்த வேலைக்கு யார் தகுதியானவர் என்ற கேள்விதான் இன்றைய பேச்சு. அது வெளிநாட்டுக்காரர்களுடைய கேள்வி, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் பெடோங் பக்கத்திலிருந்து ஒரு தாயார் என்னைப் பார்க்க வந்தார். அவருடைய மகனுக்கு வயது 23. இங்கே பிறந்து, இங்கே தமிழ்ப்பள்ளியில் படித்தவன். ஆனால் அடையாள அட்டை இல்லை. பிறப்புப் பத்திரத்தில் ‘புக்கான் வார்கானெகாரா’, அதாவது குடிமகன் அல்ல என்று போட்டிருக்கிறது. அந்தத் தம்பி சித்தப்பா மகனுடைய கணக்கை வாரவாடகைக்கு வாங்கி, அந்தப் பெயரில் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மழை நாளில் லாரியோடு மோதிக் கால் முறிந்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். அரசாங்க மருத்துவமனையில் அவருக்கு வெளிநாட்டவர் கட்டணம். கம்பெனிப் பதிவில் அன்றைக்கு வேலை செய்தவர் சித்தப்பா மகன். சொக்சோவிலும் அவர் பெயர்தான். ஆனால் காயம் பட்டது வேறு உடம்பு. காப்புறுதியும் இல்லை, இழப்பீடும் இல்லை. பெயரைக் கொடுத்தவர் போலீஸில் வாக்குமூலம் கொடுக்கப் பயந்து ஒதுங்கிக்கொண்டார். அந்த அம்மா என்னிடம் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “சார், என் பையன் வெளிநாட்டுக்காரனா?” என்றுதான் கேட்டார்.

தோழர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால் முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் நீல அட்டை குடிமகனுக்கு, சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு, பச்சை அட்டை தற்காலிகவாசிக்கு. இதில் எதுவும் இல்லாதவர்களும் நம் தோட்டப்புறங்களில் இருக்கிறார்கள். காரில் பயணிகளை ஏற்றுவதற்கு 2019 ஜூலை 12 முதல் பி.எஸ்.வி. லைசென்ஸ் கட்டாயமானது. மூன்று மாதம் அவகாசம் கொடுத்து அக்டோபரிலிருந்து நடவடிக்கை எடுத்தார்கள். வயது 21 ஆக வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும், வகுப்புக்குப் போக வேண்டும். வெளிநாட்டவருக்கு அந்த லைசென்ஸ் கிடையாது.

2017 ஜூனில் டாக்சி, இ-ஹெயிலிங் ஓட்டுநர்களுக்குத் தொடங்கிய சொந்தத் தொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டமும் குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் மட்டுமே. 2025 ஆகஸ்ட் 28-ஆம் நாள் கிக் தொழிலாளர் சட்டம் மக்களவையில் நிறைவேறியது. இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தீர்ப்பாயம், சொக்சோ பாதுகாப்பு, காரணமில்லாமல் கணக்கை முடக்கினால் கேள்வி கேட்கும் உரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. பல ஆண்டுகள் போராடிக் கிடைத்த நல்ல சட்டம்தான். ஆனால் கிக் தொழிலாளர் என்றால் யார் என்று அது சொல்லும் இடத்தைப் படித்துப் பாருங்கள். குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். நீலமும் சிவப்பும் உள்ளே. பச்சையும் ஒன்றும் இல்லாதவர்களும் வெளியே.

தமிழ்நாட்டிலிருந்து நம் வீட்டுக்கு மருமகளாக வந்த பெண்களையும் இங்கே நினைக்க வேண்டும். கணவன் மலேசியனாக இருந்தாலும் மனைவி கையில் இருப்பது சமூக வருகை பாஸ். குடிநுழைவு இலாகாவின் அனுமதி இல்லாமல் அவர் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. தொழிற்சாலைக்கோ தோட்டத்துக்கோ பெர்மிட்டில் வந்த தொழிலாளரின் பாஸ் ஒரு துறைக்கும் ஒரு முதலாளிக்கும் கட்டுப்பட்டது. அவர் வேறு வேலை செய்தால் பாஸ் நிபந்தனையை மீறியதாகி, 6 மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. மற்ற நாடுகளிலும் தடைகள் உண்டு. பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யக் கூடாது. ஆகவே டாக்சியும் உணவு விநியோகமும் அவருக்கு இல்லை. ஆனால் அங்கே கணவன் அல்லது மனைவி விசாவில் இருப்பவர் ஓட்டலாம். குடும்பமாக வாழ வந்தவரை வேலை செய்ய விடுவது நியாயம் என்று அந்த நாடு ஒப்புக்கொள்கிறது. நம் நாடும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தத் தாயாரின் மகன் விசாவில் வந்தவர் இல்லையே. அவர் எந்த நாட்டிலிருந்து வந்தார்? எந்த நாட்டுக்குத் திரும்பிப் போவார்?

பெரியவர்களுக்கு இது புதிய கதை அல்ல. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969 மே 13-க்குப் பிறகு அதைக் கடுமையாக அமல்படுத்தினார்கள். குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்றார்கள். பால்மரத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத சிவப்பு அட்டைத் தமிழர்கள் தோட்டத்தில் வேலை இழந்தார்கள். ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அன்று கிராணி செக்ரோலைப் புரட்டி அட்டையின் நிறம் கேட்டார். இன்று கைப்பேசி கேட்கிறது. கேள்வி ஒன்றுதான்.

இப்போது வாடகைப் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் கேளுங்கள். அடுத்தவர் கணக்கில் ஓட்டுவது பசிக்காகச் செய்வது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஓட்டுகிறவருக்கும் பெயர் கொடுக்கிறவருக்கும் ஆபத்து உண்டு. அடுத்தவருடைய அடையாள அட்டையைத் தன்னுடையது போலக் காட்டினால் தேசியப் பதிவு விதிமுறைகள் 1990-இன் கீழ் 3 ஆண்டு வரை சிறை அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. நாளைக்கு நீங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடும்போது ‘நன்னடத்தை’ என்று ஒரு கட்டம் வரும். ஒரு வழக்கு விழுந்தால் அந்தக் கட்டத்தில் அடிபடும். ஆகவே அண்ணன்மார்களே, தம்பிகளே, வாடகைப் பெயரில் ஓட்டாதீர்கள். உங்கள் பெயரை வாடகைக்கு விடவும் செய்யாதீர்கள்.

சரி, அப்படியானால் பட்டினி கிடப்பதா? இல்லை. பத்திரத்தைச் சரிசெய்ய வேண்டும். அந்தத் தம்பியின் கோப்பைத் திறந்து பார்த்தபோது எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

அவருடைய அப்பா நீல அட்டைக்காரர். ஆனால் கல்யாணம் கோயிலில் தாலி கட்டியதோடு முடிந்துவிட்டது, பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை, சட்டத்தின் கண்ணில், தாயின் நிலையைத்தான் பெறும். அப்பாவின் நீல அட்டை அந்தப் பிள்ளைக்கு உதவாது. தாயாருக்கோ அட்டையே இல்லை. 1970-களில் லயன் வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவர். யாரும் அவர் பிறப்பைப் பதிவு செய்யவில்லை. கதவு இரண்டு பக்கமும் மூடியிருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போது அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து இறந்துபோன தன் தாயாருடைய சிவப்பு அட்டையின் நகலை எடுத்துக் கொடுத்தார். “இது உதவுமா சார், தூக்கிப் போட இருந்தோம்” என்றார்.

தோழர்களே, உதவும். கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை என்ன சொன்னது? மலேசிய நாளுக்குப் பிறகு இந்த நாட்டில் பிறந்த பிள்ளையின் பெற்றோரில் ஒருவராவது, பிறந்த நேரத்தில், குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் அந்தப் பிள்ளை சட்டப்படி தானாகவே குடிமகன். யாரும் கருணை காட்டித் தர வேண்டியதில்லை. அந்தப் பாட்டி நிரந்தரவாசி. ஆகவே அவர் மகள் பிறக்கும்போதே குடிமகள். தாய் குடிமகள் என்றால், கல்யாணம் பதிவாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும், இங்கே பிறந்த மகனும் குடிமகன். இருபத்து மூன்று வருடமாக ‘வெளிநாட்டுக்காரன்’ என்று அலைந்த ஒருவருடைய உரிமைக்கு ஆதாரம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. இப்போது தாயாரின் பிறப்பைத் தாமதப் பதிவு செய்ய விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அது முடிந்ததும் மகனுடையது. நாள் ஆகும், நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டி வரலாம். ஆனால் வழி இருக்கிறது.

இந்த வழியைத்தான் அரசாங்கம் அடைத்திருக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 அக்டோபர் 17-ஆம் நாள் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் அந்த வரியிலிருந்து நிரந்தரவாசியை நீக்குகிறது. வெளிநாட்டில் பிரசவித்த மலேசியத் தாய்மார்களுக்கு அதே திருத்தம் நல்லது செய்தது, அதை வரவேற்கிறோம். ஆனால் அது அமலுக்கு வந்தபின் சிவப்பு அட்டைக்காரருக்குப் பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை வராது. நாடற்ற நிலையில் இங்கே பிறக்கும் குழந்தைகளைக் காக்கும் பிரிவையும், கைவிடப்பட்ட குழந்தைகளைக் காக்கும் பிரிவையும்கூட மாற்றப் பார்த்தார்கள். மக்கள் எதிர்த்ததால் 2024 மார்ச்சில் அந்த இரண்டையும் கைவிட்டார்கள். எதிர்த்தால் பலன் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, தாத்தா பாட்டியின் பழைய பத்திரம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். சிவப்பு அட்டை நகல், இறப்புப் பத்திரம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, தோட்டத் தொழிலாளர் சங்க உறுப்பினர் அட்டை, சேமநிதிக் கணக்கு, பள்ளிச் சான்றிதழ், எல்லாமே ஆதாரம்.

இரண்டாவது, கோயிலில் தாலி கட்டுவதற்கு முன் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். பெண்ணுக்குப் பத்திரம் இல்லையென்றால் முதலில் பெண்ணின் பத்திரத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் குடியுரிமைக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த இடத்திலேயே படியுங்கள்.

நான்காவது, அட்டை இல்லாத பிள்ளைக்கு 12 வயதாகும் வரை காத்திருக்காதீர்கள். பிள்ளைகளுக்கான சிறப்புக் குடியுரிமை விண்ணப்பத்தின் வயது வரம்பை 2024 திருத்தம் 21-லிருந்து 18-ஆகக் குறைக்கிறது.

ஐந்தாவது, சிவப்பு அட்டை வைத்திருக்கும் தம்பிகளே, கிக் சட்டத்தில் நீங்கள் தொழிலாளர்தான். கம்பெனியோ கவுண்டரோ மறுத்தால் வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தை வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ எங்களிடமோ கொண்டுவாருங்கள்.

நாம் அரசாங்கத்திடம் கேட்பது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. 2018 ஜூலையில் 60 வயதைத் தாண்டிய 3,407 இந்தியச் சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை தருவதாக அறிவித்தார்கள். அறிவிப்பு நல்லது, ஆனால் 60 வயது வரை ஒரு மனிதன் எப்படிப் பிழைப்பான்? இங்கே பிறந்து விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவருக்கு, முடிவு வரும் வரை வேலை செய்யவும், லைசென்ஸ் எடுக்கவும், சொக்சோவில் சேரவும் அனுமதி கொடுங்கள். மலேசியக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கும் அதே உரிமையைக் கொடுங்கள். பெர்மிட்டில் வந்த தொழிலாளி சாலையில் அடிபட்டால் அவனும் ஒரு தாயின் மகன்தான் என்பதை மறக்காதீர்கள். நம் தாத்தாக்களும் அப்படித்தான் இந்த நாட்டுக்கு வந்தார்கள்.

அந்தத் தாயாருக்கு அன்றைக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். “உங்கள் மகன் வெளிநாட்டுக்காரன் இல்லை அம்மா. அதை நிரூபிக்கும் வேலைதான் பாக்கி.”

இந்தக் கூட்டம் முடிந்ததும் அந்த மூலையில் மேசை போட்டிருக்கிறோம். பத்திரப் பையோடு வந்தவர்கள் அங்கே உட்காருங்கள். கொண்டுவராதவர்கள் அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள்.