வெறுங்கை



நம் காலனிக்கு அருகிலுள்ள கராத்தேப் பள்ளிக்குப் பெண் குழந்தைகளை அனுப்பச் சில இல்லங்களில் தயங்குகிறார்கள். அடிதடி கற்றால் அடக்கம் போய்விடுமாம். என் மகள் அங்கே பயில்வதால் சில வார்த்தைகள் கூற விழைகிறேன்.

ஓகினாவாத் தீவில் வளர்ந்த இக்கலையை 1922-இல் தோக்கியோவில் செய்து காட்டிய புனகோஷி கிச்சின் சண்டியர் அல்லர்; பள்ளி ஆசிரியர். கராத்தே என்றால் வெறுங்கை. முந்திக்கொண்டு அடித்தலாகாது என்பது அவர் வகுத்த விதி. அவர் வழிவந்த ஷோதோகான் முறையில் குழந்தைகள் தொடக்கத்திற் பயிலும் ஹெய்யான் ஷோதான் என்னும் வரிசையில் 21 அசைவுகள் உள்ளன. முதல் அசைவு அடி அன்று. இடக்கையால் கீழ்நோக்கித் தடுத்தல். காஞ்சிப் போதிதருமரே இக்கலைக்கு மூலவர் என்று நம்மவர் மார்தட்டுவதுண்டு; தக்க சான்று இல்லாத அப்பெருமை நமக்கு வேண்டா.

வீட்டில் தமிழும் வீதியில் இந்தியும் பேசும் நம் பிள்ளைகள் அங்கே இச்சி, நி, சான் என்று எண்ணுகிறார்கள். வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் குனிந்து வணங்குகிறார்கள். அடக்கம் எங்கே போயிற்று?

நம் பெண்கள் கல்லூரிக்கும் அலுவலகத்திற்கும் சென்று இருட்டிய பின் தனியே திரும்புகிறார்கள். ஒவ்வொரு நாளும் தந்தையோ தமையனோ உடன் செல்ல இயலுமா?

செவ்வாய், வெள்ளி மாலை ஆறு மணிக்கு வகுப்பு. தாய்மார்கள் ஓரமாக அமர்ந்து பார்க்கலாம். செருப்பை வாயிலிலேயே விட்டுவிட வேண்டும்.