பிள்ளையைப் பார்த்தோம், தாயைப் பார்த்தோமா?

(நமது மருத்துவமனையின் ஆதரவாளர் கூட்டத்தில், குழந்தைகள் பிரிவில் பணியாற்றும் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

ஒரத்தநாடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வரும் தாய்மாரைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தாய் தன் இரண்டு வயது மகனைச் செவ்வாய்தோறும் பயிற்சிக்குக் கொண்டுவருவார். தசைகள் தளர்ந்த பிள்ளை. பிடித்துக்கொண்டு நிற்கப் பழக்கிக்கொண்டிருந்தோம். புரட்டாசியில் சம்பா நடவு மும்முரமானதும் ஆறு வாரம் அவரைக் காணோம். திரும்பி வந்தபோது நான் கோபித்துக்கொண்டேன். "ஏம்மா, பிள்ளை மேல அக்கறையே இல்லையா?" என்றேன்.

"அக்கறை இல்லாம இருக்குமா சிஸ்டர்? நடவுக்குப் போகாட்டி அடுப்பு எரியாதுங்க. மரத்துல தூளி கட்டி இவனைப் போட்டுட்டுத்தான் நட்டேன்" என்றார்.

அப்போதுதான் அவர் கால்களைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். பிள்ளையின் அட்டையில் எடை, உயரம், பயிற்சி எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது. தாயைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆறு மாதமாக வருகிறவரை, "உங்களுக்கு எப்படியிருக்கிறது?" என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

2021-ல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, இனி யாரும் பயிற்சியை விடமாட்டார்கள் என்று நினைத்தோம். நடவு தொடங்கியதும் பழையபடி நாற்காலிகள் காலியாகின. தடையாக இருந்தது பஸ் காசு அல்ல, அன்றைய கூலி.

கூலியைவிடப் பெரிய பாரம் ஒன்று உண்டு. அது பழி. "உன் வயிறு சரியில்லை", "கிரகணத்தில் வெளியே வந்தாள்", "என்ன பாவம் செய்தாளோ" என்பார்கள். நம் சபைகளிலும் இப்படிப் பேசுகிறவர்கள் உண்டு என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். பிறவிக் குருடனைக் காட்டி இதே கேள்வியைக் கேட்டபோது நம் ஆண்டவர் அளித்த பதில் உங்களுக்குத் தெரியும்.

மருத்துவமும் தெளிவாகவே சொல்லுகிறது. இந்நிலையை 1866-ல் விவரித்தவர் ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர். 1959-ல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் காரணத்தை வெளியிட்டார்கள். நம் செல்களில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. இப்பிள்ளைகளுக்கு 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடி 47 ஆகிறது. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதல்ல. செல் பிரியும்போது தற்செயலாக நேரிடும் பிசகு. தாயின் வயது ஏறும்போது வாய்ப்பு கூடுகிறது என்றாலும், இளம் தாய்மாருக்கும் இப்படிப் பிறக்கிறது. தாய் உண்டதாலோ, செய்ததாலோ வந்ததல்ல.

இதைத் தாயிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை என்று அனுபவத்தில் கற்றோம். கணவரையும் மாமியாரையும் கூட உட்காரவைத்துச் சொல்லுகிறோம். ஒரு மாமியார் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு மருமகளின் இடுப்பிலிருந்த பேரனைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். அந்த வீட்டில் அதுவரை அவர் அவனைத் தூக்கியதில்லையாம்.

சென்னையில் 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்தில், தாய் பிள்ளையோடு இருந்து பயிற்சியைக் கற்று வீட்டிலும் செய்கிறார். நம் முறையும் அதுவே. ஆனால் எல்லாப் பயிற்சியும் தாயின் கையையே நம்பியிருக்கும்போது, அந்தக் கை சோர்ந்துபோனால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? இப்பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் குறையும் உண்டு. தைராய்டு, காது, கண் பரிசோதனை என்று ஓடுகிறவரும் அதே தாய்தான்.

இரவில் அவரைத் தூங்கவிடாத கேள்வி வேறு. "எனக்கப்புறம் இவனை யாருங்க பார்ப்பா?" என்பதே அது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழுவிடம் மனுக் கொடுத்து, 18 வயதுக்குப் பிறகு சட்டப்படியான பாதுகாவலரைப் பெறலாம். வழி இருக்கிறது என்று தெரிந்தாலே அந்த முகம் சற்றுத் தெளிகிறது. மனு எழுதவும் கூடப் போகவும் ஆள் வேண்டும்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் தாயின் இரத்த அழுத்தத்தையும் இரத்த சோகையையும் பார்க்கிறோம். பயிற்சி முடிந்தபின் தாய்மார் அரைமணி நேரம் சேர்ந்து உட்காருகிறார்கள். அங்கே நாங்கள் அதிகம் பேசுவதில்லை. ஒருவர் அழுதால் இன்னொருவர் தேற்றுகிறார். அடுத்த நடவுக்குள், பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள அந்தந்த ஊரிலேயே ஒரு பெண்ணைப் பழக்கிக் கூலி கொடுக்க விரும்புகிறோம். உங்கள் காணிக்கை இதற்கே வேண்டும்.

இன்னொரு உதவிக்குப் பணம் தேவையில்லை. உங்கள் சபையில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாய் உட்கார்ந்து சூடாக ஒரு காபி குடிக்கட்டும். எழுந்து போகும்முன், "நீ எப்படியம்மா இருக்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.